நிரோஜினிக்குப் பின்னால் இருந்த வானம்

எங்கள் கடையில் சடங்கு பேனருக்கு நாலு பின்னணிதான். மயில், அருவி, ரோஜாத் தோட்டம், எந்த நாட்டு ராஜா கட்டியது என்று யாருக்கும் தெரியாத ஒரு வெள்ளை மாளிகை. வயதுக்கு வந்த பிள்ளையின் படத்தை வெட்டி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, இந்த நாலில் ஒன்றுக்கு முன்னால் நிறுத்தி, மேலே "பூப்புனித நீராட்டு விழா" என்று தங்க எழுத்தில் போட்டால் வேலை முடிந்தது. ஹட்டன் டவுனில் ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

என் பெயர் டெல்சி. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் பெயர் வாங்கியவள். வாய் நீளமாக இருந்து என்ன பிரயோசனம், பேச வேண்டிய இடத்தில் அது உதவவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கனடாவில் பிள்ளைகளுக்கான கணினி விளையாட்டு செய்கிற ஒரு சின்ன நிறுவனம் படம் வரைய ஆள் தேடியது. எந்த நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, இருக்கிற இடத்திலிருந்தே வேலை செய்யலாம் என்று போட்டிருந்தார்கள். சான்றிதழ் கேட்கவில்லை. விண்வெளிக் காட்சி ஒன்றைக் கணினியில் நாமே வரைந்து மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு நேரே கடைக்கு வந்தவள் நான். அடுத்தவர் எடுத்த படத்தை வெட்டி, அடுத்தவர் வரைந்த மயிலில் ஒட்டுவதே என் பிழைப்பு. நானாக ஒன்றை வரைய வேண்டும், இதை வரைந்தவள் இவள்தான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு முன்னால் கடையில் வேலை செய்த சுமன் டுபாய்க்குப் போகும்போது, கணினியில் வரைகிற பேனாவையும் பலகையையும் விட்டுப்போயிருந்தான். பலகையில் ஒரு மூலை வேலை செய்யாது. அந்த மூலைக்குப் படம் போகும்போது படத்தையே திருப்பி வைத்துக்கொண்டு வரைவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஆறரை பஸ் வரும்வரையும் வரைந்தேன். மூன்று கிழமை.

விண்வெளியைக் கறுப்பால் வரையக் கூடாது. முதல் நாள் கறுப்பைப் பூசிப் பார்த்தேன், புதிதாகத் தார் போட்ட ரோட்டு மாதிரி இருந்தது. அழித்துவிட்டுக் கருநீலத்தில் தொடங்கினேன். மேலே கொஞ்சம் ஊதா, கீழே பழுத்த கோப்பிப் பழத்தின் சிவப்பு. நட்சத்திரங்களுக்கு நடுவில் தூசும் வாயுவும் பரந்து கிடக்கும், நெபியூலா என்பார்கள். அதற்கு மாதிரி தேடி நான் அலையவில்லை. மழைக்காலத்தில் வட்டவளையில் பஸ்ஸுக்கு நின்றால் போதும். மலையிலிருந்து மூட்டம் ஒரே சீராக இறங்காது. ஒரு பக்கம் அடர்ந்திருக்கும், ஒரு பக்கம் கிழிந்திருக்கும், கிழிந்த இடத்தில் நாலு தேயிலைச் செடி எட்டிப் பார்க்கும். அந்தக் கிழிசலைத்தான் வரைந்தேன். தேயிலைக்குப் பதிலாக உள்ளே வெளிச்சம் வைத்தேன்.

நட்சத்திரத்துக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு இழுப்பில் ஆயிரம் புள்ளி தூவுகிற தூரிகை கணினியிலேயே இருக்கிறது. தூவிப் பார்த்தேன், கருவாட்டில் உப்புப் பூத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். நடுவில் ஒரு பெரிய கோள், ஓரத்தில் மட்டும் வெளிச்சம், இடுப்பில் ஒரு வளையம். வளையத்தின் நிழல் கோளின் வயிற்றில் சரியாக விழுவதற்கு மட்டும் நாலு நாள் போனது.

கடை முதலாளி விஜிதரன் அண்ணன் ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"எத்தன புள்ளி வச்சாலும் இதுல ஒரு ஆள் இல்லையே டெல்சி. இத யாரு வாங்குவா?"

"விக்கிறதுக்கு இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு?"

"பாக்குறதுக்கு."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன். கடைக் கணினியில் என் படத்தை வரையக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னவரில்லை. ஆனால் கடையில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு, அதை மட்டும் மீற விடமாட்டார். கணினியில் படத்தை அடுக்கடுக்காக வரைவோம். வானம் ஓர் அடுக்கு, கோள் ஓர் அடுக்கு, நட்சத்திரம் ஓர் அடுக்கு. வேலை முடிந்ததும் எல்லா அடுக்கையும் சேர்த்து ஒரே படமாக்கிவிட வேண்டும். எங்கள் கடையில் அதற்கு "அமுக்குறது" என்று பெயர். முன்பு ஒருத்தர் எங்கள் கோப்பை அடுக்குகளோடு வாங்கிப்போய், எதிர்க்கடையில் பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றி அதே பேனரை அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்த வேலையாக இருந்தாலும் அமுக்கிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கணினியும் கிழடு, பத்து அடுக்குக்கு மேல் போனால் நின்றுவிடும். அதனால் நானும் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்கு எழும்பும் முன் என் வானத்தை அமுக்கிவிட்டே எழும்பினேன். யோசித்துச் செய்ததில்லை, கை பழகிவிட்டது.

படம் முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அனுப்ப அடுத்த திங்கள் வரை நாள் இருந்தது. நாலு நாள் பார்க்காமல் விட்டு, புதுக் கண்ணோடு ஒருதரம் பார்த்து அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். கெட்டிக்காரி என்று நினைப்பு.

அந்த ஞாயிறுதான் நிரோஜினிக்குச் சடங்கு. நிரோஜினி என் சிசிலி அத்தையின் கடைசி மகள். என் அப்பா றோலண்ட்தான் தாய்மாமன். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேச்சே லயத்தில் கிடையாது. மாமன் வீட்டுச் சீர் வந்தே ஆக வேண்டும். தட்டு, புடவை, பழம் என்று இருந்த சீரில் இப்போது பேனரும் சேர்ந்துவிட்டது. லயத்து வாசலில் மாமன் பேனர் தொங்கவில்லை என்றால் மாமன் வராத மாதிரிதான்.

"பேனர் கடையில மகள வச்சுக்கிட்டு நான் மயிலத் தூக்கிக்கிட்டு போயி நின்னா நல்லாவா இருக்கும்? புதுசா ஏதாச்சும் போடு பிள்ள" என்றார் அப்பா.

நிரோஜினியும் போன் எடுத்தாள். தனிமையில் உட்கார்த்தி வைத்திருந்ததால் வெளியே வர முடியாது, போனில்தான் அதிகாரம்.

"மதினி, மயில் வேணாம். எங்க லயத்துல மூணு பேருக்கும் மயில்தான். அருவியும் வேணாம், பாத்தா ஒன்னுக்கு வருது."

வெள்ளிக்கிழமை காலையில், கிறிஸ்மஸுக்கு அவள் எடுத்த படத்தைத் திறந்தேன். மஞ்சள் சட்டை, இடுப்பில் கை, உலகமே தன்னுடையது என்று ஒரு நிற்பு. ரோஜாவில் வைத்தேன், ரோஜா அவளைத் தின்றது. மாளிகையில் வைத்தேன், வேலைக்கு வந்த பிள்ளை மாதிரி தெரிந்தாள். சும்மா பார்ப்போம் என்று என் வானத்தை நகல் எடுத்து அதில் வைத்தேன். வளையக் கோளுக்கு முன்னால், கிழிந்த மூட்டத்தின் வெளிச்சம் தோளில் விழ, அவள் நின்றாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. இதற்குப் பிறகு எந்த மயிலை எடுத்து இந்தப் பிள்ளைக்குப் பின்னால் வைப்பது?

யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. நானேதான் வைத்தேன். ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதும் உண்மை. கனடாக்காரன் எதற்கு வட்டவளைச் சடங்கு பேனரைப் பார்க்கப்போகிறான் என்று யோசித்தேன். கீழே "அன்பளிப்பு: தாய்மாமன் றோலண்ட் குடும்பத்தினர்" என்று போட்டேன். மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும். அமுக்கினேன். விஜி அண்ணன் வழக்கம்போல அன்று சாயங்காலமே கடையின் பேஸ்புக் பக்கத்தில் அதைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் பேனர் ஏறியதும் சனம் சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு வந்து நின்றது. அப்பா புது வேட்டியோடு பேனருக்குப் பக்கத்திலேயே நின்றார், யார் கூப்பிட்டும் நகரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, நிரோஜினி இல்லாத வானத்தைக் கனடாவுக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இங்கிலீசில் இருந்தது, நான் இரண்டு தரம் வாசித்தேன். என் படம் கடைசி மூன்று படங்களில் ஒன்றாகத் தெரிவாகியிருந்ததாம். அந்த வரியோடு நிறுத்தியிருந்தால் நான் சாகும்வரை சந்தோஷமாக இருந்திருப்பேன். வழக்கமாகச் செய்யும் இணையச் சோதனையில், நான் அனுப்புவதற்கு மூன்று நாள் முன்பே இதே படம் ஓர் அச்சுக்கடையின் பக்கத்தில், அந்தக் கடையின் பெயரோடு வந்திருப்பதைக் கண்டார்களாம். படம் என்னுடையதுதான் என்றால், அடுக்குகளோடு உள்ள மூலக் கோப்பை ஏழு நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

கணினியில் தேடினேன். அழித்தவை கிடக்கும் பெட்டியில் தேடினேன். பென் டிரைவில் தேடினேன். எல்லா இடத்திலும் ஒரே படம், அமுக்கிய படம். மூன்று கிழமை வேலையில் ஓர் அடுக்குகூட மிஞ்சவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கைதான் வலித்தது.

விஜி அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே கடைத் தாளில், "இப்படத்தை வரைந்தவர் எமது ஊழியர் டெல்சியே" என்று எழுதி, வட்ட முத்திரை ஒன்று குத்தி, போதாதென்று இன்னொன்றும் குத்தினார்.

"பேஸ்புக்குல இருக்கிறத எடுத்துறட்டுமா?"

"எடுங்கண்ணே."

"எடுத்தா, கள்ளன் தடயத்த அழிச்ச மாதிரி இருக்காதா?"

அதுவும் சரிதான். அந்தப் படம் அங்கேயே இருந்தது.

அண்ணனின் தாளோடு சேர்த்து அனுப்ப நானும் ஒரு நீளமான கடிதம் எழுதினேன். பேனரில் இருப்பது என் அத்தை மகள், தாய்மாமன் என்று போட்டிருப்பது என் அப்பா, பேனரில் பிள்ளை மறைத்த இடமெல்லாம் என் படத்தில் முழுதாக இருக்கிறது, பாருங்கள். கடிதத்தை அகராதி பார்த்துப் பார்த்து இங்கிலீசில் எழுதினேன். கடைசியில், வேண்டுமானால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வானம் வரைந்து காட்டுகிறேன் என்றும் எழுதினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறைந்த இடத்தை இப்போது எந்தக் கணினியும் ஒரு நொடியில் நிரப்பிவிடுமாம். கடிதம் கொடுத்ததும் படத்தை வெளியிட்ட அதே கடைதானாம். பேனரின் வரியை மொழிபெயர்த்துப் பார்த்தார்களாம், அது மாமன் கொடுத்த அன்பளிப்பு என்கிறதாம். அதாவது எங்கள் குடும்பம் அந்தப் பேனரைக் கடையில் வாங்கியது என்பதற்கு என் அப்பாவின் பெயரே சாட்சி. வரைந்து காட்டுவது பற்றிக் குழுவில் பேசிவிட்டு அறிவிப்பார்களாம். அடுக்குகள் இருந்தால் இன்னும் அனுப்பலாமாம்.

அந்தக் கிழமைதான் லிந்துலையிலிருந்து ஒருவர் வந்தார். போனில் நிரோஜினியின் பேனரைக் காட்டி, "நம்ம பிள்ளைக்கும் இதுதான் வேணும்" என்றார். அடுத்த நாள் நல்லதண்ணியிலிருந்து ஒரு குடும்பம். அதற்கடுத்த நாள் எங்கள் தோட்டத்து மேல்பிரிவிலிருந்தே ஒன்று.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு இத குடுக்காதீங்க. நான் வேற ஒன்னு வரையிறேன்."

"வரை. நான் வேணாங்கலையே."

அரை நாளில் வேறொரு வானம் வரைந்தேன். பச்சை நெபியூலா, இரண்டு நிலவு. கோபத்தில் வரைந்தது, மோசமில்லை. லிந்துலைக்காரரிடம் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா அந்தப் பிள்ளைக்கு வச்சது இது இல்லையே."

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? பக்கத்து லயத்தில் ஒன்று நன்றாக இருந்தால், அதைவிட நல்லது வேண்டாம், அதேதான் வேண்டும். ஒரு நிலவு கூடினாலும் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். விஜி அண்ணன் என்னைப் பார்த்தார். அவரும் கடை நடத்த வேண்டும். நான் கோப்பைத் திறந்து, லிந்துலைப் பிள்ளையை வளையக் கோளுக்கு முன்னால் வைத்தேன். அடுத்து நல்லதண்ணிப் பிள்ளை, மேல்பிரிவுப் பிள்ளை, பிறகு வந்த இன்னும் இரண்டு பிள்ளைகள். எனக்காக அவர் இவற்றைக் கடைப் பக்கத்தில் போடவில்லை. ஆனால் பெற்றவர்கள் போட்டார்கள், மாமன்கள் போட்டார்கள், கொழும்பில் வேலை செய்கிற அண்ணன்மார் எல்லாரும் போட்டார்கள். அவர்கள் வாயை யார் மூடுவது?

நிரோஜினி தன் பேஸ்புக்கில் போட்ட படத்தையாவது எடுக்கச் சொல்வோம் என்று சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். பேனரை மடித்து வைக்காமல், உள்ளே பலகைச் சுவரில் முழுதாக அடித்திருந்தார்கள். அத்தை தேத்தண்ணி போடப் போனார். நிரோஜினி பேனருக்குக் கீழே பாயில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"மதினி, ஸ்கூல்ல சயன்ஸ் டீச்சரே கேட்டாங்க, இது எந்த பிளனட்டுன்னு. நான் சொன்னேன், இது எங்க மதினியோட பிளனட்டுன்னு."

"நிரோ, பேஸ்புக்குல போட்ட அந்தப் படத்த கொஞ்ச நாளைக்கு எடுத்துறியா?"

அவள் முகம் சுருங்கியது. பேனரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் மதினி? நான் அதுல அசிங்கமா இருக்கேனா?"

இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கனடா, அடுக்கு, மூலக் கோப்பு என்று எதைச் சொன்னாலும் அவள் காதில் ஒன்றுதான் விழும்: என்னால்தான் மதினியின் வேலை போனது.

"இல்லடி, ராணி மாதிரி இருக்க. சும்மா கேட்டேன்" என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அத்தை பாதி வழி வரை கூட வந்து, "அண்ணனுக்கு அன்னைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, சீரு குடுத்தா இப்படிக் குடுக்கணும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

ஏழாம் நாள் கடைசிப் பதில் வந்தது. சின்னதாக இருந்தது. மறுபடியும் சோதித்துப் பார்த்ததில் இந்தப் படம் ஆறு இடங்களில், ஆறு வேறு பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கிறதாம். எனவே இது இணையத்தில் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பொதுப் பின்னணி என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்களாம். வரைந்து காட்டத் தேவையில்லையாம். பிறருடைய படைப்பை இனிமேல் சொந்தப் பெயரில் அனுப்ப வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறார்களாம். என் எதிர்காலத்துக்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

ஆறில் ஐந்தை வைத்தது அந்த ஏழு நாளுக்குள் நான்தான். என் கையால், ஒவ்வொன்றாக, ஓரத்து முடிகூடப் பிசகாமல் வெட்டி வைத்தேன். அவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதை நினைக்கும்போதுதான் அழுகை வந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

முன்மேசையில் ஒரு அம்மா காத்துக்கொண்டிருந்தார். பெயர் பூரணி, லிந்துலைப் பக்கம், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகளின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்திருந்தார். நான் கேட்கும் முன்னமே, "அந்த வானம் போட்டது" என்றார். கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க அது விரிந்ததும் அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நட்சத்திரங்கள்மேல் தொடாமல் விரலைக் கொண்டுபோனார். நிறைய நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் அதை வேறு யாரும் பார்த்ததில்லை.

"எம்புட்டு பொறுமையா வச்சிருக்காங்க ஒவ்வொன்னா" என்றார். "இத யாரும்மா வரைஞ்சது?"

விஜி அண்ணன் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"தெரியலைங்க" என்றேன். "நெட்டுல கெடச்சது. பிள்ளை பேரு என்னான்னு சொல்லுங்க."